ஆசான் சொல்லாத வரி

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோன அடிமுறைதான் ஷாவோலினில் குங்ஃபூ ஆகி, ஒகினாவாவில் கராத்தே ஆகி, கடைசியில் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்தது என்று பாறசாலைப் பக்கத்து ஆசான் ஒருவர் சொன்னதாக ஒரு வார இதழில் எழுதினேன். மேற்கோள் குறிக்குள் போட்டே எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த வரி முழுக்க என்னுடையது. அவர் பேர் சொன்னால் எடுபடும் என்பதால் அவர் வாயில் வைத்தேன்.

ஆசான் இன்று இல்லை. மறுக்க ஆளில்லாத தைரியத்தில்தான் இப்போது ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

நான் கராத்தே பழகியவன். கரமனையில் ஒரு மொட்டை மாடியில் கோஜு-ரியூ பிரிவில் பழகிக் கறுப்புப் பட்டை வாங்கினேன். பூர்வீகம் மார்த்தாண்டம் பக்கம், பிழைப்பு திருவனந்தபுரத்தில், எழுதுவது தமிழில். பத்திரிகைக்காரர்களுக்கு இப்படி ஓர் ஆள் சௌகரியம். களரி என்றால் கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ பிடிப்பான், வர்மம் என்றால் களியக்காவிளை பஸ் ஏறுவான், ஜப்பான் என்றால் தன் இடுப்பையே காட்டுவான். 2011 தீபாவளிக்கு ‘7ஆம் அறிவு’ வந்தபோது இந்தச் சௌகரியத்துக்கு விலை ஏறியது. போதிதர்மர் பற்றி ஒன்று கொடுங்கள், களரிக்காரர்கள் பேசுவதுபோல இருக்கட்டும் என்று கேட்டார்கள். பேசுவதுபோல! அந்தச் சொல்லிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். உஷாராகவில்லை, குஷியானேன்.

அந்தக் காலத்தில் நான் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் மூன்று வகை. தெக்கன் முறை அடிதடை சொல்லிக்கொடுத்த பாறசாலை ஆசான். வடக்கன் முறைக் களரியில் ஊறிய ஒரு குருக்கள். என் சொந்தக் கராத்தே ஆசிரியர். மூவரும் வயதில் மூத்தவர்கள், மூவரும் பேச மனமுள்ளவர்கள். மூவரிடமும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: கராத்தே நம்மிடமிருந்து போனதுதானே? கேள்வியின் வாலில் அந்த ‘தானே’ இருக்கிறதே, அதுதான் என் குற்றத்தின் பாதி.

ஆசானின் பதில் ஒலிப்பதிவில் இன்னும் இருக்கிறது. “அதொண்ணும் எனக்கு அறிஞ்சுகூடாது பிள்ளே. எங்க ஆசான் எனக்குச் சொல்லித் தந்தாரு, அவருக்கு அவரு ஆசான். அதுக்கு மேல போனா அகத்தியரு. நடுவுல உள்ளது எனக்கு வேண்டாம்.” நான் விடவில்லை. இல்லை ஆசானே, போதிதர்மர் பல்லவ இளவரசர் என்று சொல்கிறார்களே என்றேன். “சொல்லுகாவ இல்லியா, அப்ப சொல்லட்டும்” என்றார். அந்தச் ‘சொல்லட்டும்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் எழுதியதுதான் முதல் பத்தியில் உள்ள வரி.

அன்றைக்கு அவருக்கு வேறொன்றில் ஆர்வம் இருந்தது. நான் கராத்தேக்காரன் என்றதும் ஒன்று செய்து காட்டச் சொன்னார். சான்சின் செய்தேன். கோஜுவின் அடிப்படைக் கட்டா அது. பாதங்களை உள்ளே திருப்பி, விரலால் தரையைப் பற்றி, மூச்சை அடிவயிற்றில் இறக்கி, அரைச் சுவடு அரைச் சுவடாக நகர்வது. மரம்போல இறுகி நிற்க வேண்டும். ஆசிரியர் தோளிலும் தொடையிலும் அறைந்து பார்ப்பார். ஆசான் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார்: “இந்தக் கால் எந்தத் தரைக்கு உள்ளது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்கப் போதிதர்மரிடம் திரும்பினேன். ஆசான் இரண்டு தடவை மறுபடி தரைக்கே வந்தார். தென்னந்தோப்பு மணலில் கால் புதையும், அங்கே சுவடு வேறு; மழை பெய்து வழுக்கும் செம்மண்ணில் வேறு; இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள இடவழியில் நீட்டி அடிக்க இடமிருக்காது, அதனால்தான் ஒற்றைச் சுவடு முதலில் என்றார். வெறுங்கையில் தொடங்கி, பிறகுதான் கம்பு என்றார். வர்மத்தைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்ற கணக்கை எல்லாரும் ஒப்பிப்பார்கள், ஆனால் அடங்கல் தெரியாதவனுக்கு ஒரு வர்மமும் சொல்லித்தரக் கூடாது, அடித்தவனுக்கு எழுப்பவும் தெரியணும் என்றார். பிள்ளைகளில் யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமலே விடுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். ஒலிப்பதிவில் அந்த இடத்தில் கேட்பது என் குரல்: “ஆசானே, அகத்தியரும் போதிதர்மரும் ஒரே மரபா?”

பதிவைப் பிற்பாடு முழுக்கக் கேட்டேன். பாதிக்கு மேல் நான்தான் பேசுகிறேன்.

குருக்களிடம் நான் செய்த பிழை வேறு மாதிரி. திருவனந்தபுரத்தில் களரி என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் போய் நிற்பது கிழக்கேகோட்டை சி.வி.என். களரி முன்னால். சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் தொடங்கியது. சி.வி.என். என்பது அவர் தந்தை சி.வி. நாராயணன் நாயரின் பெயர். அந்தத் தந்தைதான் கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் கற்று, மறைந்துகொண்டிருந்த வடக்கன் முறையை மேடையேற்றி மறுபடி ஊரறியச் செய்தவர். அதாவது தலைநகரத்தின் முகமாக இருக்கும் களரி, தலசேரிப் பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க நாடக அறிஞர் பிலிப் சாரில்லி 1976இல் வந்து பழகத் தொடங்கி, பின்னர் களரி பற்றிப் பெரிய நூல் எழுதியதும் அங்கே பெற்ற பயிற்சியை வைத்துத்தான். அதே 1956இல், நவம்பர் முதல் தேதி, தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரின் பழைய எல்லையை விட்டுச் சென்னை மாநிலத்துக்குப் போயின. தெக்கன் முறையின் சொந்த மண் இரண்டாகப் பிரிந்தது. பாறசாலை ஆசான் கேரளத்திலும் அவர் மச்சான் ஆசான் தமிழ்நாட்டிலுமாக ஆனார்கள். இதையெல்லாம் எழுதத் தகுந்த விஷயமாகவே நான் நினைக்கவில்லை. ‘நம் களரி’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிட்டேன். பரசுராமரைச் சொல்லும் மரபும் அகத்தியரைச் சொல்லும் மரபும் என் கட்டுரையில் ஒரே பத்தியில் தோளோடு தோள் நின்றன. இரு தரப்பு ஆசிரியர்களும் அதைப் படித்துச் சிரித்திருப்பார்கள்.

குருக்கள் என்னைக் குழிக்களரிக்குள் கூட்டிப் போனார். கிழக்கு மேற்காக 42 அடி, தெற்கு வடக்காக 21 அடி, தென்மேற்கு மூலையில் ஏழு படி கொண்ட பூத்தறை. ஏன் தரையைத் தோண்டிக் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று அவரே விளக்கினார். உடம்பு முழுக்க எண்ணெய், அதன் மேல் வியர்வை. அந்த உடம்பில் காற்று நேராக அடிக்கக் கூடாது. மழைக்காலத்தில் பயிற்சியும் உழிச்சிலும் நடப்பதற்கும் காரணம் உண்டு, உடம்பு அப்போது இளகும் என்றார். பிறகு ஒரு சிறுவனை அழைத்துக் கால் வீசச் சொன்னார். நேர்க்கால், வீத்துக்கால், அகங்கால். ஒரே கால் வீச்சு, களரியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, திரும்பி மறுபடி. அவர் வாய்த்தாரியாகக் கட்டளை சொல்லச் சொல்லச் சிறுவன் போய் வந்துகொண்டிருந்தான். எனக்குச் சலிப்புத் தட்டியது. புகைப்படக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “உறுமி சுழற்றிக் காட்ட முடியுமா குருக்களே?” என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்தச் சுருள்வாளை எடுத்துச் சுழற்றவும் செய்தார். அட்டைப்படத்தில் உறுமி வந்தது. கால் வீச்சைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை.

கராத்தே, போதிதர்மர் என்று நான் தொடங்கியதும் குருக்கள் சரித்திரக்காரர்களிடம் போகச் சொன்னார். நல்ல யோசனை. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாடம் சொன்ன இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். களரிகள் ஊர் ஊராகப் பரவியது 11ஆம் நூற்றாண்டில், சேர சோழ நூறாண்டுப் போர்க் காலத்தில், என்பது அவர் கருத்து. வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் அந்த நூறாண்டுப் போர் என்ற கணக்கையே பிற்பாடு கேள்விக்குள்ளாக்கினார். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். போதிதர்மர் சீனம் போனது 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பார்கள். இளங்குளம் சொல்லும் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டு முன்னால் அவர் எந்தக் களரியை மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார்? அதற்கு முன் இங்கே சண்டை தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் புறநானூறு சொல்கிறது. மல்லுக்கும் களரிப் பயிற்றுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நான் ஒரே மூச்சில் தாண்டினேன். இளங்குளத்தைப் படித்த பிறகும் தாண்டினேன் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் ‘வேண்டாம், குழப்பும்’ என்று நானே எழுதியிருக்கிறேன்.

சீனப் பக்கமும் அப்படித்தான். ஷாவோலின் மடத்தில் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 621இல் மடத்துத் துறவிகள் தாங் இளவரசர் லீ ஷிமின் பக்கம் நின்று சண்டையிட்டதை அது சொல்கிறது. போதிதர்மர் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று சொல்லவில்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முன்னுரை பொய்யாகக் கட்டியது என்று டாங் ஹாவோ போன்ற சீன ஆய்வாளர்களே காட்டிவிட்டார்கள். 1904 தொட்டு வெளிவந்த ஒரு சீனத் தொடர்கதைதான் இந்தக் கதையை ஊர்வாயில் ஏற்றியது. அங்கிருந்து ஜப்பானுக்குப் போய், கராத்தே நூல்களில் ஏறி, கராத்தே ஆசிரியர் ஃபுனகோஷி கிச்சின் கூடத் தன் நூலில் அதைத் திருப்பிச் சொல்லி, அந்தப் புத்தகங்கள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. தமிழன் பெருமை என்று நான் மார்தட்டியது நூறு வருஷத்துச் சீனச் சரக்கு. வேடிக்கை என்னவென்றால் ஷாவோலின் மடம் எழுந்ததே பாத்துவோ என்ற இந்தியத் துறவிக்காக, 5ஆம் நூற்றாண்டின் இறுதியில். அவருக்கு உதை குத்துக் கதை இல்லை. அதனால் நம்மில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

இப்போது என் கராத்தே ஆசிரியர். இந்த மூவரில் என்னை நேருக்கு நேர் பிடித்தவர் அவர் ஒருவர்தான். கட்டுரை வந்த வாரம் பயிற்சி முடிந்ததும் உட்கார வைத்துக் கேட்டார்: இத்தோசு எழுதிய கடிதம் படித்திருக்கிறாயா? இத்தோசு அன்கோ, ஒகினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தேயைக் கொண்டுபோனவர். 1908இல் அதிகாரிகளுக்குப் பத்து விதிகள் எழுதி அனுப்பினார். அதன் தொடக்கமே கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசிய நெறியிலிருந்தோ வந்ததல்ல, பழங்காலத்தில் சீனத்திலிருந்து ஒகினாவாவுக்கு வந்தது என்ற பொருளில் இருக்கிறது. கறுப்புப் பட்டை கட்டிய நான் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. இல்லை என்று சொல்லவும் வெட்கம். “படித்திருக்கிறேன் சார், ஆனால் அதில் விவாதம் இருக்கிறது” என்றேன். பொய். அவருக்கும் அது பொய் என்று தெரியும். சிரிக்காமல் பேச்சைத் தொடர்ந்தார்.

அன்று அவர் சொன்னவற்றில் பலவற்றை நான் எந்தக் கட்டுரையிலும் பயன்படுத்தவில்லை. என் வாதத்துக்கு உதவாது என்பதே காரணம். கோஜுவின் வேர் சீனத்து ஃபுஜியானில். ஹிகாவோன்னா கன்ரியோ ஃபுசோ நகரில் கற்றுத் திரும்பினார், அவர் மாணவர் மியாகி சோஜுன் அதை வகுத்தார். 1936இல் நாஹாவில் ஆசிரியர்கள் கூடி, பெயரில் இருந்த சீனத்தை எடுத்துவிட்டு வெறுங்கை என்று எழுத முடிவு செய்தார்கள்; அடுத்த வருஷம் ஜப்பான் சீனத்தோடு முழுப் போரில் இறங்கியது. நான் பெருமையோடு கட்டிய பட்டையும் பழையதல்ல. கானோ ஜிகோரோ ஜூடோவுக்கு வகுத்த தர முறையை ஃபுனகோஷி எடுத்து, 1924இல்தான் முதல் டான்களைக் கொடுத்தார். பரம்பரையைத் திருத்தி எழுதுவதில் ஒகினாவாக்காரர்களும் எனக்குச் சளைத்தவர்களல்ல என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அது எனக்குச் சமாதானம் ஆகாது. அவர்களுக்கு முதுகில் ஒரு பேரரசு இருந்தது. எனக்குப் பக்க அளவும் கொஞ்சம் கைதட்டலும்தான்.

ஆசானின் தரைக் கேள்வியை என் ஆசிரியரிடம் அன்றுதான் கேட்டேன். முதல் தடவையாக ‘தானே’ இல்லாமல் ஒரு கேள்வி. அவர் முகம் மாறிவிட்டது. ஃபுனகோஷி இளவயதில் தன் ஆசிரியர் அசாத்தோவின் வீட்டு முற்றத்தில் இரவில் பழகியதை எழுதியிருப்பதைச் சொன்னார். முற்றம், மண், வீட்டுச் சுவர். பிறகு தோக்கியோவில் மரப்பலகைத் தளம், பெரிய கூட்டம், வரிசை. தளம் மாறியதும் நிலை நீண்டது, தாழ்ந்தது என்று எழுந்து செய்தும் காட்டினார். அந்த ஆசானை எனக்குப் பார்க்க வேண்டும், எப்போது போகலாம் என்று கேட்டார். அடுத்த மாதம் சார் என்றேன்.

கூட்டிப் போகவில்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. ஆசான் நேரில் பார்த்தால் நான் எழுதியதைப் பற்றிக் கேட்பார், என் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், இரண்டு பேருக்கும் நடுவில் நான் பிடிபடுவேன் என்ற பயம். கை கால் வித்தையைப் பற்றி ஐம்பது வருஷம் யோசித்த இரண்டு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து காலையும் தரையையும் பற்றிப் பேசியிருப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் போதும். அந்தப் பேச்சு நடக்காமல் போனது என்னால்.

இலங்கையில் சீனடி என்று ஓர் அடிமுறை உண்டு. சீனத் துறவி ஒருவர் கொண்டுவந்தது என்று அங்கே சொல்வார்கள். கதை அங்கே எதிர்த்திசையில் ஓடுகிறது. இதுவும் அந்தக் காலத்திலேயே எனக்குத் தெரியும். எழுதவில்லை. போவது மட்டும்தான் நமக்குப் பெருமை, வந்தது என்றால் பேச்சே இல்லை.

ஆசானின் மகனைப் பின்னொரு நாள் சாலை பஜாரில் பார்த்தேன். கட்டுரையைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்களாம். மாணவர் சேர்க்கை நோட்டீசில் அந்த வரியை அப்பாவின் சொல்லாகப் போட்டிருப்பதாகவும் சொன்னார். நான் அவரிடமும் அன்று உண்மையைச் சொல்லவில்லை. நல்லது தம்பி என்று கையைக் குலுக்கிவிட்டு வந்தேன். இந்தப் பக்கம் அச்சாகும் முன் அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்பா அந்தக் கட்டுரைய வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. அந்த வரி வந்தப்ப, நான் அப்படியா சொன்னேன்னு கேட்டாரு. ஆமாப்பா, அச்சில இருக்குன்னு சொன்னேன்” என்றார். சட்டத்தைக் கழற்றுவது பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் களரி, வர்மம், கராத்தே பற்றி நான் எழுதியவற்றை யாராவது வெட்டி வைத்திருந்தால், ஆய்வேட்டிலோ நோட்டீசிலோ மேடையிலோ தயவுசெய்து எடுத்தாள வேண்டாம். அவற்றில் ஆசான்களும் குருக்கள்மாரும் போதிதர்மரைப் பற்றிச் சொன்னதாக மேற்கோளில் இருப்பவை நான் எழுதியவை. தரையைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் ஏதாவது தப்பித்தவறி இருந்தால், அது மட்டும் அவர்கள் சொன்னது.